மலிவும் கழிவும்: அமெரிக்க ஏழைகளின் கடைகள் பற்றிச் சில குறிப்புகள்

1

'மலிவு' என்கிற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். மிகுதி என்பது ஒன்று. விலைக் குறைவு என்பது இன்னொன்று. சரக்கு மலிந்தால் விலை இறங்கும் என்பதால் முதல் அர்த்தத்திலிருந்து இரண்டாவது கிளைத்திருக்க வேண்டும். 'கழிவு' என்பதும் இப்படித்தான். விலையில் தள்ளிக் கொடுப்பதும் கழிவு, வேண்டாமெனத் தள்ளப்பட்டதும் கழிவு. தமிழ் எம்.ஏ. படித்தவனின் தொழில் வியாதி இது என்று நண்பர்கள் கேலி செய்யலாம். செய்துவிட்டுப் போகட்டும். இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவின் 'டாலர் கடை'களுடைய வரலாற்றை வாசிக்கப் பார்க்கிறேன். மிகுதி இல்லாத மலிவு என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அதில் கழிவாகப் போவது எது, அல்லது யார்?

டாலர் ஜெனரல் என்ற ஒரே நிறுவனத்துக்கு மட்டும் இன்று அமெரிக்காவில் 20,000-க்கும் மேற்பட்ட கடைகள். அந்நாட்டிலுள்ள மெக்டொனால்ட்ஸ் உணவகங்களின் எண்ணிக்கையைவிட இது அதிகம். ஆனால் மெக்டொனால்ட்ஸ் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எவ்வளவோ எழுதியாயிற்று. டாலர் கடையைப் பற்றி ஒரு வரி கிடையாது. காரணம் எளிது. இது வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற கனவு அல்ல. அமெரிக்கா தன் சொந்த ஏழைகளுக்காகக் கட்டிக்கொண்ட ஏற்பாடு. பெரிய கடைகள் வர யோசிக்கிற சிற்றூர்களிலும், கறுப்பின மக்கள் வாழும் நகர்ப் பகுதிகளிலுமே இது அதிகம் முளைத்திருக்கிறது.

இதைப் பற்றி அங்கே இரண்டு சொல்லாடல்கள் புழங்குகின்றன. 'ஏழைகளுக்குக் குறைந்த விலையில் பொருள் கிடைக்கிறது, அவர்களே விரும்பித்தானே வாங்குகிறார்கள், உனக்கென்ன?' என்பது ஒன்று. 'ஊர்க்கடைகளில் எவ்வளவு ஒட்டுறவு இருந்தது, சங்கிலிக் கடைகள் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டன' என்பது மற்றது. முதலாவது சந்தையின் குரல். இரண்டாவது இழந்த பொற்காலத்தின் குரல். இரண்டுமே ஏழைகளின் பெயரால் பேசுகின்றன. ஏழைகள் எந்தெந்தக் கடையில் எப்படி நின்றார்கள் என்ற வரலாற்றை இரண்டுமே பேசுவதில்லை. வாசகர்கள் தம் தெருக்கடையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பிடும் ஆசையைக் கொஞ்சம் அடக்கி வைத்தால்தான் அந்த நிலத்தின் கதை நமக்குக் கேட்கும்.

2

கதையை அமெரிக்கத் தெற்கில் தொடங்க வேண்டும். 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலையானவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் வெள்ளையரின் நிலத்தில் பங்குச் சாகுபடிக்குப் போனார்கள். விதை, மாவு, பன்றிக்கறி, துணி எல்லாம் விளையப்போகிற பருத்தியை ஈடாக வைத்துக் கடையில் கடனுக்கு வாங்கியாக வேண்டும். கடைக்காரர் பல சமயம் நிலச்சொந்தக்காரரே. ரொக்க விலை ஒன்று, கடன் விலை அதைவிட மேலே. அதற்கு மேல் வட்டி. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி நிற்கும். பாக்கி நின்றால் அடுத்த வருஷமும் அதே நிலம், அதே கடை.

இந்த அமைப்பின் மையம் பேரேடு. அதில் எழுதுகிற கை ஒரு பக்கம், எழுதியதை வாசிக்கத் தெரியாத, தெரிந்தாலும் கேட்கத் துணியாத உடல் மறுபக்கம். நிலக்கரிச் சுரங்க ஊர்களில் கூலியையே கம்பெனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் வில்லைகளாகக் கொடுத்தார்கள். அங்கே கடை என்பது கூலியைத் திரும்ப உறிஞ்சுகிற குழாய். ஆக 'ஒட்டுறவு' இருந்தது உண்மைதான். கடைக்காரருக்கு உங்கள் பெயர் தெரியும், உங்கள் அப்பாவின் கடன் தெரியும், நீங்கள் எங்கேயும் ஓடிவிட முடியாது என்பதும் தெரியும்.

இந்தப் பேரேட்டின் பிடியை முதலில் கொஞ்சம் தளர்த்தியது ஒரு தபால் கேட்டலாக். 1890-களில் சியர்ஸ் ரோபக் கம்பெனி அச்சிட்ட விலையோடு பொருட்களைத் தபாலில் விற்கத் தொடங்கியது. 1896-இல் கிராமங்களுக்கு வீடு தேடித் தபால் பட்டுவாடா ஆரம்பமானது. அச்சிட்ட விலைக்கு நிறம் கிடையாது. வெள்ளையர்கள் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டியதில்லை. 'உனக்கெதுக்கு இவ்வளவு நல்ல துணி?' என்று யாரும் கேட்கப்போவதில்லை. உள்ளூர் வியாபாரிகள் சில ஊர்களில் கேட்டலாக்குகளைக் கூட்டி வைத்துக் கொளுத்தினார்கள் என்றால் அவர்களுக்கு எங்கே வலித்தது என்று புரிந்துகொள்ளலாம். முகமற்ற வியாபாரம் மனிதனை அந்நியப்படுத்துகிறது என்று நாம் மார்க்சியம் படித்துத் தெரிந்து வைத்திருக்கிறோம். முகம் பார்த்து வியாபாரம் செய்யப்பட்டதால் காயப்பட்டவனுக்கு முகமற்ற விலை ஒரு விடுதலையாகவும் இருந்திருக்கிறது. இந்த இரட்டைத்தன்மையைக் கைவிட்டால் பின்னால் வருவது எதுவும் விளங்காது.

1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்கு வந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் மணி என்ற சிற்றூரின் பிரையன்ட் மளிகைக் கடைக்குள் மிட்டாய் வாங்கப் போனான். கடையிலிருந்த வெள்ளைப் பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டான் என்று பழி சுமத்தி அவனைக் கடத்திக் கொன்றார்கள். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுவித்தது. அந்தக் கடை பங்குச் சாகுபடிக் குடும்பங்களுக்குச் சாமான் விற்ற சின்னஞ்சிறு ஊர்க்கடை. சங்கிலிக் கடை அல்ல. 'அந்தக் காலத்து ஊர்க்கடை' என்று உருகுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் உருக வேண்டும். அதே 1955-இல்தான் கென்டகி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் முதல் டாலர் ஜெனரல் கடை திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் ஒரே ஆண்டில் அமெரிக்கச் சிற்றூரின் இரண்டு கடைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வரலாறு நமக்கு வாய்ப்புத் தருகிறது.

3

நடுவில் இன்னொரு கடை இருக்கிறது. 1879-இல் ஃபிராங்க் வுல்வொர்த் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் 'ஐந்து சென்ட்' கடையை வெற்றிகரமாகத் தொடங்கினார். கொஞ்ச நாளில் பத்து சென்ட் வரிசையும் சேர்ந்தது. பொருட்கள் கவுண்டர் மேல் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். தொட்டுப் பார்க்கலாம். பேரம் கிடையாது, கடன் கிடையாது. 1913-இல் நியூயார்க்கில் எழுந்த வுல்வொர்த் கட்டடம் அன்றைக்கு உலகிலேயே உயரமானது. ஐந்து, பத்து சென்ட்டுகளை அடுக்கினால் எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு அது சாட்சி.

இந்தக் கவுண்டருக்கு முன்னால் கறுப்பின மக்கள் இரண்டு போராட்டங்களை நடத்தினார்கள். முதலாவது வேலைக்கானது. 1929-30-இல் சிகாகோவில், 'எங்கே உனக்கு வேலை தருகிறானோ அங்கே காசைச் செலவழி' என்கிற பிரச்சாரத்தை அங்கிருந்த ஒரு கறுப்பினப் பத்திரிகை தொடங்கியது. தம் குடியிருப்புகளில் கடை வைத்துக்கொண்டு தமக்கு வேலை தராத வுல்வொர்த்தைப் புறக்கணித்துப் பணிய வைத்தார்கள். இது பல நகரங்களுக்குப் பரவியது. வாஷிங்டனில் ஒரு மளிகைச் சங்கிலிக் கடையின் முன் மறியல் செய்தவர்களின் உரிமையை 1938-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது உட்காருவதற்கானது. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையில் சில பொருட்களை வாங்கினார்கள். காசு வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். பிறகு அதே கடையின் சிற்றுண்டிக் கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஒரு கூரைக்குக் கீழே பற்பசைக் கவுண்டரில் நீ வாடிக்கையாளன், காபிக் கவுண்டரில் நீ கறுப்பன். அந்த ஜூலையில் கடை பணிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மலிவுக் கடை ஏழைக்கும் ஒடுக்கப்பட்டவனுக்கும் வாங்கும் சமத்துவத்தைக் கொடுத்தது. உட்காரும் சமத்துவத்தை அது தானாகக் கொடுக்கவில்லை, போராடித்தான் பெற வேண்டியிருந்தது. ஆனால் போராடுவதற்கு அங்கே ஒரு கவுண்டராவது இருந்தது. உட்கார ஒரு முக்காலி, வேலை கேட்க ஒரு முதலாளி, மறியல் செய்ய ஊர் நடுவே ஒரு வாசல். வுல்வொர்த் தன் அமெரிக்க மலிவுக் கடைகளை 1997-இல் மூடிவிட்டது. அதன் இடத்துக்கு வந்த கடையில் முக்காலியே கிடையாது.

4

அதற்கு முன் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1930 வாக்கில் ஏ அண்ட் பி என்ற மளிகைச் சங்கிலிக்கு 15,000-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. மொத்தமாக வாங்குகிற பலத்தைக் காட்டி உற்பத்தியாளர்களை மிரட்டி ரகசியக் கழிவுகளைப் பெற்றது. இதற்கு எதிராக டெக்சாஸ் உறுப்பினர் ரைட் பாட்மன் முன்நின்று கொண்டுவந்ததுதான் 1936-ஆம் ஆண்டின் ராபின்சன்-பாட்மன் சட்டம். ஒரே சரக்கைப் பெரிய கடைக்கு ஒரு விலைக்கும் சின்னக் கடைக்கு ஒரு விலைக்கும் விற்று போட்டியைக் கெடுக்கக் கூடாது, செலவில் உண்மையான மிச்சம் இருந்தால் அந்த அளவு குறைத்துக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். பெரிய கடையைத் தடை செய்யவில்லை. பெரியவன் என்கிற ஒரே காரணத்துக்காகக் கிடைக்கும் சலுகையைத்தான் தடை செய்தது.

1980-களில், ரீகன் ஆட்சியில், இந்தச் சட்டத்தை அமலாக்குவது ஏறக்குறைய நின்று போனது. சட்டம் ரத்தாகவில்லை, புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. நுகர்வோருக்கு விலை குறைந்தால் போதாதா, சிறு கடைக்காரனைக் காப்பாற்றுவது அரசின் வேலையா என்று பொருளியல் அறிஞர்கள் கேட்டார்கள். 'நுகர்வோர் நலன்' என்கிற சொல் எப்படி ஓர் அதிகாரச் சொல்லாடலாக ஆனது என்பதற்கு இது நல்ல உதாரணம். ஏழை ஒரே நேரத்தில் வாங்குகிறவர், கூலிக்காரர், அந்த ஊரில் குடியிருப்பவர். இந்த மூன்றில் 'வாங்குகிறவர்' மட்டும் தனியே பிரித்தெடுக்கப்பட்டு, மற்ற இரண்டும் அழிக்கப்பட்டன. 2024 டிசம்பரில் அரசு இந்தச் சட்டத்தை மீண்டும் தூசி தட்டியது. 2025 ஜனவரியில் பெப்சி கம்பெனி மீது போடப்பட்ட வழக்கு ஆட்சி மாறியதும் மே மாதம் கைவிடப்பட்டது.

5

இனி டாலர் ஜெனரல். ஜே.எல். டர்னர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இறந்ததால் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். 1930-களின் பெருமந்தத்தில் நொடித்துப்போன ஊர்க்கடைகளின் சரக்கை மொத்தமாக வாங்கிக் கைமாற்றினார். 1939-இல் மகனோடு சேர்ந்து ஸ்காட்ஸ்வில் ஊரில் மொத்த வியாபாரம் தொடங்கினார். பெரிய கடைகள் எப்போதாவது நடத்திய 'டாலர் நாள்' விற்பனையைப் பார்த்து, தினமும் டாலர் நாளாக இருந்தால் என்ன என்று தோன்றியதுதான் 1955 கடை. ஒரு டாலருக்கு மேல் எதுவும் இல்லை. ஆகவே தொடக்கத்திலேயே இது கழிவின் வியாபாரம். அழிந்த கடைகளின் மிச்சத்திலிருந்து எழுந்த கடை.

2007-இல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 730 கோடி டாலர் கொடுத்து இதை வாங்கியது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி. நாடே முடங்கியபோது இந்தக் கடைகள் பெருகின. 2009-இல் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது. 2017-இல் அதன் தலைமை நிர்வாகி ஒரு பத்திரிகையிடம், நாட்டின் பொருளாதாரம் எங்கள் வாடிக்கையாளர்களை மேலும் மேலும் உருவாக்கிக்கொண்டே இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். நான் வாசித்ததில் இதைவிட நேர்மையான வாக்கியம் கிடையாது. வறுமை இங்கே தீர்க்க வேண்டிய பிரச்சினையாக இல்லை, வளரும் சந்தையாக இருக்கிறது.

கடையின் அமைப்பைப் பாருங்கள். சுமார் 7,500 சதுர அடித் தகரப் பெட்டி. வால்மார்ட்டின் பெருங்கடை இதைப்போல் இருபது மடங்குக்கு மேல். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பேர்தான் வேலையில். சரக்கை இறக்குவதும் அவர்களே, அடுக்குவதும் அவர்களே, கல்லாவில் நிற்பதும் அவர்களே. பெட்டிகள் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும். நெருப்புப் பிடித்தால் வெளியே போகும் வாசல்களைக்கூட அடைத்து வைத்ததற்காகத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையோடு 2024-இல் 1.2 கோடி டாலருக்கு டாலர் ஜெனரல் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. காய்கறி அழுகும், ஆள் வேண்டும், குளிர்பெட்டி வேண்டும். ஆகவே நெடுங்காலம் அது இல்லை. இப்போது 5,000-க்கும் மேற்பட்ட கடைகளில் வைத்திருப்பதாக நிறுவனம் சொல்கிறது. மீதிக் கடைகளில் டப்பாவும் பொட்டலமும்தான்.

விலை உண்மையிலேயே மலிவா? ஒரு காலன் என்பது 128 அவுன்ஸ். 16 அவுன்ஸ் பால் ஒரு டாலர் என்றால் காலன் எட்டு டாலராகிறது. 2018 வாக்கில் சாதாரணக் கடையில் காலன் பால் சுமார் மூன்று டாலர். வித்தை இவ்வளவுதான். உற்பத்தியாளர்கள் இந்தக் கடைகளுக்கென்றே சின்ன அளவுகளில் அடைத்துத் தருகிறார்கள். ஆனால் கையில் ஒரு டாலர் மட்டும் இருக்கிறவரிடம் போய் 'காலனாக வாங்கினால் லாபமாச்சே' என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. வாங்குவதற்கு மூன்று டாலரும், எடுத்துப்போகக் காரும் இல்லை.

இது புதிதும் அல்ல. இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய 1845-ஆம் ஆண்டு நூலில் எங்கெல்ஸ், சனிக்கிழமை இரவு திங்கள்வரை தாங்காத மிச்சச் சரக்கைத் தொழிலாளர்கள் வாங்குவதையும், கலப்படம் அவர்கள் தலையிலேயே விடிவதையும் எழுதியிருக்கிறார். டேவிட் காப்லோவிட்ஸ் 1963-இல் நியூயார்க் ஏழைகளைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே ஏழைகள் அதிகம் கொடுக்கிறார்கள் என்பதுதான். அவர் கண்டது தவணைக் கடன். டாலர் கடை கடனே கொடுக்காமல் அதே காரியத்தைச் செய்கிறது. பேரேட்டில் இருந்த வட்டி இப்போது பொட்டலத்துக்குள் போய்விட்டது. கேட்டுச் சண்டை போட எதிரே ஆளும் இல்லை.

6

கான்சாஸ் மாநிலத்தில் ஹேவன் என்று சுமார் 1,200 பேர் வாழும் ஊர். 2015-இல் டாலர் ஜெனரல் வந்தது. மூன்றாண்டில் ஊரின் ஒரே மளிகைக் கடை மூடப்பட்டது. டாலர் கடை மளிகைக் கடையின் வியாபாரம் முழுவதையும் பறிக்க வேண்டியதில்லை. சோப்பு, காகிதம், டப்பா உணவு போன்ற நல்ல லாபம் தரும் சரக்கின் ஒரு பகுதியைப் பறித்தால் போதும். காய்கறியின் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த லாபம். ஆக, சோப்பு போனதும் தக்காளி போகிறது. பக்கத்து ஊர் பூலர் டாலர் ஜெனரலுக்கு இடம் கொடுக்க மறுத்தது.

இதற்கு எதிராக ஒரு நல்ல கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். 2019-இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு, ஏழைகளுக்கும் வசதியானவர்களுக்கும் இடையிலான ஊட்ட வேறுபாட்டில் அருகில் எந்தக் கடை இருக்கிறது என்பதால் விளைவது சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்றது. புதிதாகப் பெரிய கடை திறந்தாலும் மக்கள் வாங்குவது அதிகம் மாறவில்லை. இதை நான் ஒதுக்கமாட்டேன். கூலி, நேரம், பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் சாப்பாடு. ஆனால் கடை என்பது வைட்டமின் வழங்கும் நிலையம் மட்டும்தானா? அது வேலை, அது ஊரில் புழங்கும் காசு, அது நாலு பேர் நிற்கும் இடம். மறுபடியும் ஏழையை வாங்குகிறவராக மட்டும் பார்க்கிற அதே கண்தான் இந்த ஆய்விலும் இருக்கிறது.

ஒக்லஹோமாவின் டல்சா நகரம் இதற்கு வேறு விதமாகப் பதில் சொன்னது. அங்கே கிரீன்வுட் என்ற கறுப்பினப் பகுதி தன் கடைகளுக்கும் தொழில்களுக்கும் புகழ்பெற்றது. 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் வெள்ளையர் கும்பல் 35 தெருக்கட்டங்களை எரித்துத் தரைமட்டமாக்கியது. மக்கள் மீண்டும் கட்டினார்கள். 1960-களுக்குப் பின் 'நகர்ப் புதுப்பிப்பு' என்ற பெயரில் நெடுஞ்சாலை வந்து மறுபடி இடித்தது. பிறகு வடக்கு டல்சாவில் டாலர் கடைகள் பெருகின. அந்தக் கடைகளைக் கழிவிலிருந்து எழுந்தவை என்றேன். இந்த ஊரைக் கழிவாக்கியவர்கள் முதலில் வேறு ஆட்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2018-இல் நகர் மன்ற உறுப்பினர் வெனெஸ்ஸா ஹால்-ஹார்ப்பர் முயற்சியால், அப்பகுதியில் புதிய டாலர் கடைகள் ஒன்றுக்கொன்று ஒரு மைல் தள்ளியே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. வேறு நகரங்களும் பின்பற்றின. விதி மட்டும் போதவில்லை. பொதுப் பணமும் சேர்ந்துதான் 2021-இல் அங்கே ஒரு முழுமையான மளிகைக் கடை திறந்தது. சந்தை தானாக வந்து நிரப்பிவிடும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

காத்திருந்தவர்களுக்கு என்ன ஆனது? ஃபேமிலி டாலர் என்ற மற்றொரு சங்கிலியை 2015-இல் டாலர் ட்ரீ 800 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2022-இல் அதன் ஆர்கன்சாஸ் கிடங்கில் எலிகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தது தெரிந்து 400 கடைகள் வரை தற்காலிகமாக மூடப்பட்டன. 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அதே ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் கடைகளை மூடப்போவதாக அறிவித்தார்கள். 2025-இல் சங்கிலியையே சுமார் 100 கோடிக்குக் கைகழுவினார்கள். பக்கத்து மளிகைக் கடை ஏற்கெனவே போய்விட்ட ஊர்களில் இந்தக் கடையும் போகிறபோது தெருவில் மிஞ்சுவது ஒரு காலித் தகரப் பெட்டி.

பேரேட்டுக் கடைக்காரன் கொடுமைக்காரன்தான். ஆனால் அவனால் ஊரை விட்டுப் போக முடியாது, அவனும் அந்த மண்ணில் கட்டுண்டவன். வுல்வொர்த்தின் கவுண்டரில் உட்கார்ந்து அதைப் பணிய வைக்க முடிந்தது. டாலர் கடைக்கு ஊரிடம் கடனும் இல்லை, கடமையும் இல்லை. லாபம் குறைந்தால் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடும். ஆகவே 'இந்தக் கடையில் விலை குறைவா?' என்பதோடு நாம் நின்றுவிட முடியாது. 'இந்தக் கடையிடம் இந்த ஊர் எதையாவது கேட்க முடியுமா?' என்றும் கேட்டாக வேண்டும். வடக்கு டல்சாக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள்.